பின்வழி இல்லாத கிடங்கு

கட்டட விதிமீறல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, அனுமதி வாங்கியது மூன்று மாடிக்கு, எழுப்பியது ஐந்து மாடி என்ற கணக்குதான். அந்த மீறலைத் தெருவில் நின்று எண்ணியே கண்டுபிடித்துவிடலாம். கண்ணில் படாத இன்னொரு வகை உண்டு. அங்கே கட்டடம் வரைபடத்தின்படியே நிற்கும்; ஒரு சுவர்கூட இடம் மாறியிருக்காது. மாறியிருப்பது அதன் பயன்பாடு. கார் நிறுத்த விட்ட தரைத்தளம் மளிகைக் கடையாகும், குடும்பம் குடியிருக்க அனுமதித்த வீடு நாற்பது பேர் தங்கும் பி.ஜி. விடுதியாகும், சில்லறைக் கடை சரக்குக் கிடங்காகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். உள்ளே ஆள் எண்ணிக்கையும் சரக்கின் தன்மையும் மாறிவிட்டன, வெளியேறும் வழி மட்டும் பழையபடியே இருக்கிறது என்பது ஏதாவது நடக்கும்போதுதான் தெரியவரும்.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை பிற்பகல் அத்திபெலேயில் தெரிந்தது அதுதான். பெங்களூருவிலிருந்து ஓசூர் வரும் தேசிய நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால் உள்ள ஊர் அத்திபெலே. சிவகாசிச் சரக்கு எல்லை தாண்டி முதலில் இறங்கும் இடங்களில் ஒன்று என்பதால், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சாலையோரம் பட்டாசுக் கடைகள் வரிசை கட்டும். பெங்களூருக்காரர்கள் மலிவு விலை தேடி இங்கே வருவார்கள். அன்று ஒரு கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. கடையும் கிடங்கும் ஒரே கட்டடம். முன்பக்கம் தீ மூண்டதும் உள்ளே இருந்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. மறுநாளுக்குள் இறந்தோர் எண்ணிக்கை 14 ஆனது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் சிலரும் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டு இளைஞர்கள். தர்மபுரி மாவட்டத்தின் அம்மாபேட்டை என்ற ஒரே ஊரிலிருந்து மட்டும் பலர். பண்டிகைக் காலத்தில் சில வாரம் வேலை பார்த்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்க வந்த மாணவர்களும் அவர்களில் உண்டு. கர்நாடக அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாயும், தமிழ்நாடு அரசு 3 லட்சம் ரூபாயும் அறிவித்தன. விசாரணை சி.ஐ.டி.க்குப் போனது, அதிகாரிகள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

உரிமம் இல்லாத கடை அல்ல அது. இந்த விபத்தில் கவனிக்க வேண்டியதும் அதுவே. தாள் இருந்தது. ஆனால் தாளில் உள்ள கடையும் தரையில் உள்ள கடையும் வேறு வேறாக இருந்தன.

தாளில் இருக்க வேண்டிய கடை எப்படிப்பட்டது என்பதை 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் வரைந்து காட்டியது போலவே சொல்கின்றன. நிரந்தரப் பட்டாசுக் கடை செங்கல், கல் அல்லது கான்கிரீட் கட்டடத்தில், தரைத்தளத்தில் இருக்க வேண்டும். பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையவும் 25 சதுர மீட்டரைத் தாண்டவும் கூடாது. ஏறத்தாழ 100 முதல் 270 சதுர அடி, அதாவது வீட்டின் ஒரு அறை அளவு. கட்டடத்தின் மற்ற பகுதிகளிலிருந்து தீயைத் தாங்கும் சுவரால் பிரிந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து நேராக நுழையும் தனி வாசலும், அதைத் தவிர அவசர வழியும் வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். மேல்மாடியில் ஆட்கள் குடியிருக்கக் கூடாது. மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் அடியிலோ பக்கத்திலோ கடை அமையக் கூடாது. வெடிபொருளோ எளிதில் தீப்பற்றும் பொருளோ வைத்திருக்கும் இன்னொரு கடை 15 மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. பரப்பைச் சிறிதாக வைப்பது சரக்கை மட்டுப்படுத்த. ஓர் அறையில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் எரியும். கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும் என்பது கூட்டத்தின் இயல்பு தெரிந்து எழுதியது. பதறி ஓடிவரும் பத்துப் பேர் கதவில் மோதி அழுத்தினால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் இழுக்க முடியாது. அவசர வழி தனியாக வேண்டும் என்பதற்குக் காரணம், கடைத் தீ வாசல் பக்கமே தொடங்கலாம் என்பது. வண்டி நிற்பதும் சரக்கு இறங்குவதும் அங்கேதான். மின் இணைப்பு வருவதும் அங்கேதான். உருட்டுக் கதவு போட்ட நீளமான கிடங்கில், வாசலருகே எரிந்தால் பின்சுவரை ஒட்டி நிற்பவருக்கு அதுவே முட்டுச் சந்து. பின்சுவரில் மூன்றடி அகலத்தில் ஒரு கதவு வைக்க ஆகும் செலவு, தீபாவளி நேரத்து ஒரு நாள் வியாபாரத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இந்த விதிகள் வெடிபொருள் துறையைச் சேர்ந்தவை, கட்டட விதிகளோடு சேராதவை என்று தோன்றலாம். நடைமுறையில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பவை. உரிமம் தருபவர் சரக்கைப் பார்க்கிறார், தீயணைப்புத் துறை தண்ணீரையும் வழியையும் பார்க்கிறது, கட்டட அனுமதி தருபவர் சுவரையும் உயரத்தையும் பார்க்கிறார். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்ப்பதில்லை. அத்திபெலே போன்ற எல்லையூரில் இந்தப் பிரிவினை இன்னும் கூடுதல். ஊர் பெங்களூரு நகர மாவட்டம், ஆனேக்கல் தாலுகாவில் இருக்கிறது. பெங்களூருவின் மாநகராட்சி எல்லைக்கு வெளியே. எனவே நகரத்துக் கட்டட விதிகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிப்பது அப்படியே இங்கே பொருந்தாது. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தீர்மானிப்பது ஆனேக்கல் திட்டக் குழுமம். கட்டட உரிமம் தருவது, 1964ஆம் ஆண்டின் கர்நாடக நகராட்சிகள் சட்டப்படி, அத்திபெலே புரசபை, அதாவது நகராட்சி. சுற்றியுள்ள கிராமங்களில் அதே வேலை கிராமப் பஞ்சாயத்தின் கையில். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, சந்தாபுரா, ஜிகணி என்று தொழிற்பேட்டைகள் நெருங்கி வளர்ந்த இந்தப் பகுதியில் விவசாய நிலம் மனையாக மாறிய வேகம், அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேகத்தைவிட அதிகம்.

ஆகவே இங்கே ஒரு கட்டடம் விதிப்படி உள்ளதா என்று பார்க்கப் பல தாள்களை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் நிலம். விவசாய நிலமாக இருந்தால் கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி வேறு பயன்பாட்டுக்கு மாற்றிய உத்தரவு வேண்டும். மாற்றாமலே துண்டு போட்டு விற்ற மனையைத்தான் பெங்களூருப் பக்கத்தில் ‘ரெவின்யூ சைட்’ என்கிறார்கள். அடுத்து, மனைப்பிரிவுக்குத் திட்டக் குழுமத்தின் ஒப்புதல். பிறகு கட்டட வரைபடத்துக்கு அனுமதி. கட்டி முடித்தபின் குடியேறலாம் என்ற சான்று, எல்லோரும் சொல்லும் ‘ஓ.சி.’. இவற்றோடு ‘கட்டா’ என்ற தாளும் சேரும். மக்கள் அதிகம் குழம்புவது அதில்தான். கட்டா வரிக் கணக்கு. ஏ கட்டா, பி கட்டா என்ற பிரிவு அந்தக் கணக்கில் உள்ள பிரிவு. முறையான ஒப்புதல் இல்லாத சொத்திடமிருந்தும் வரி வாங்க வேண்டும் என்பதற்காக வந்தது பி கட்டா. பத்து வருட வரி ரசீது கையில் இருப்பதால் ஒரு மாடி சட்டப்படி ஆகிவிடாது. வரி வாங்கியதே அரசு ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் என்று வாதாடி நீதிமன்றத்தில் தோற்றவர்கள் ஏராளம்.

மீறல் இருப்பது தெரிந்தால், அல்லது நோட்டீஸ் வந்தால், முதலில் தேடிப் போக வேண்டியது வக்கீலை அல்ல, பதிவு பெற்ற பொறியாளரை. கட்டடம் இப்போது இருக்கிறபடியே அளந்து ஒரு வரைபடம் போட வேண்டும். அதை அனுமதி பெற்ற வரைபடத்தின் மேல் வைத்தால் மீறல் எங்கே, எத்தனை அடி என்று தெரிந்துவிடும். பலருக்கும் அச்சம் தெளிவது இந்த இடத்தில்தான். சிலருக்கு அச்சம் தொடங்குவதும் இங்கேதான். ஏனென்றால் மீறல்கள் மூன்று தரமாகப் பிரிகின்றன: அபராதம் கட்டித் தீர்ப்பவை, திருத்திக் கட்டித் தீர்ப்பவை, இடித்தால் மட்டுமே தீர்பவை.

முதல் தரம் மிகக் குறுகியது. பெங்களூரு மாநகராட்சியின் 2003ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் இந்த வரம்பு ஐந்து சதவீதம். கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய ‘செட்பேக்’ இடம், மொத்தத் தளப்பரப்பு போன்றவற்றில் அதற்குள் நிற்கும் பிசகைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்கலாம். பத்தடி விட வேண்டிய இடத்தில் ஆறு அங்குலம் குறைந்தால் இதில் அடங்கும். கொத்தனாரின் நூல் கொஞ்சம் விலகியதற்கான மன்னிப்பு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பத்தடியில் ஐந்தடியை விழுங்கி அறை கட்டியது இதில் சேராது.

செட்பேக் விழுங்கப்படுவதை அண்டைவீட்டுச் சண்டையாக மட்டும் பார்ப்பது வழக்கம். வெளிச்சமும் காற்றும் குறைவது உண்மைதான். அதைவிடப் பெரிய காரணம் தீ. ஒரு வீட்டின் ஜன்னலில் எழும் சுடர் அடுத்த வீட்டின் ஜன்னலைத் தொடாமலிருக்கவும், ஏணி சாத்தவும், தண்ணீர்க் குழாயோடு ஆள் சுற்றி வரவும் அந்த இடம் தேவை. இரண்டு பக்கத்தாரும் சுவரோடு சுவராக நெருக்கிக் கட்டிவிட்டால், தீயணைப்பு வண்டி தெருமுனை வரை வந்தும் பயனில்லை.

கூடுதல் மாடி வேறு விதமான கேள்வி. சாதாரணக் கான்கிரீட் வீட்டில் ஒரு தளத்தின் எடை, சுவர், பூச்சு, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. முப்பதுக்கு நாற்பது மனையில் 80 சதுர மீட்டர் தளம் என்றால், ஒரு மாடி ஏற்றுவது பழைய தூண்களின் தலையில் 80 டன் ஏற்றுவதற்குச் சமம். சரக்கு ஏற்றிய பெரிய லாரிகள் இரண்டு மூன்றை மொட்டை மாடியில் நிரந்தரமாக நிறுத்தினால் எப்படியோ அப்படி. தூணும் அடித்தளமும் அதற்காகப் போடப்பட்டவையா என்பதை எந்த அபராத ரசீதும் சொல்லாது. கான்கிரீட்டைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல் சோதனை, ஒலியலைச் சோதனை, தேவைப்பட்டால் சிறு உருளையாகக் குடைந்தெடுத்து நசுக்கிப் பார்க்கும் சோதனை ஆகியவையே சொல்லும். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று சரிந்த 11 மாடிக் கட்டடத்தில் 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற அதன் இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பெங்களூரு பாபுசாபாளையத்தில் 2024 அக்டோபர் 22 அன்று மழையில் சரிந்த கட்டடமும் அனுமதித்ததைவிட அதிக மாடிகளோடு எழும்பிக்கொண்டிருந்ததுதான்.

மீறல்களை மொத்தமாக மன்னித்துக் காசாக்கும் யோசனை அரசுகளுக்கு அடிக்கடி வரும். தமிழ்நாடு 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டியவற்றை வரன்முறைப்படுத்த முன்வந்தது. ஒரு முறைக்கு மட்டும் என்ற அளவில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கெடு மேலும் மேலும் தள்ளிப்போனபோது, 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. பின்னர் 113-சி வந்து கெடு 2007 ஜூலை 1 ஆனது. கர்நாடகத்தில் இதற்குப் பெயர் ‘அக்ரம சக்ரம’: முறையற்றதை முறையாக்குதல். 2013 அக்டோபர் 19க்கு முந்தைய வீடுகளில் 50 சதவீதம் வரையும், வணிகக் கட்டடங்களில் 25 சதவீதம் வரையும் மீறலை ஏற்கலாம் என்றது திட்டம். 2016 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. என்றாவது அது நடைமுறைக்கு வரும் என்ற நம்பிக்கையிலேயே இன்றும் மாடி கட்டுகிறவர்கள் அத்திபெலே பக்கத்தில் குறைவில்லை. ‘அக்ரம சக்ரம வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்பது அங்கே கட்டடத் தொழிலின் ஒரு பழமொழி போலவே ஆகிவிட்டது. சென்னை தி.நகரில் 2017 மே 31 அன்று பற்றி, மறுநாளும் அணையாமல் எரிந்து, கடைசியில் முழுவதும் இடிக்கப்பட்ட துணிக்கடைக் கட்டடமும் அனுமதிக்கு மேல் மாடிகள் கொண்டதே. மன்னிப்பை எதிர்பார்த்து நிற்கும் கட்டடங்கள் எரியும்போது, மன்னிப்புக்குக் குறித்த தேதியைப் பார்த்து எரிவதில்லை.

இதற்கு நேர் எதிராக, நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே இயந்திரம் கொண்டுவந்து இடிப்பதும் சட்டமல்ல. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தது. குறைந்தது 15 நாள் அவகாசத்தோடு பதிவு அஞ்சலில் நோட்டீஸ் தர வேண்டும்; கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். உரிமையாளர் சொல்வதை நேரில் கேட்க வேண்டும். இறுதி ஆணையில், இந்த மீறலை அபராதத்தால் தீர்க்க முடியுமா, ஒரு பகுதியை மட்டும் இடித்தால் போதாதா என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். ஆணைக்குப் பிறகும் உரிமையாளரே இடித்துக்கொள்ள 15 நாள் உண்டு. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களை அடைத்துக் கட்டியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எனவே நோட்டீஸைக் கிழித்துப் போடுவது மிக மோசமான வழி. கெடுவுக்குள் எழுத்தில் பதில் தந்து, அளந்த வரைபடத்தையும், எதை எப்போது திருத்தப் போகிறோம் என்பதையும் இணைத்தால் வழக்கு அங்கேயே ஆறிவிடவும் கூடும்.

ஐந்து வாரம் கழித்து, 2024 டிசம்பர் 17 அன்று அதே உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு மறுபக்கத்தை இறுக்கியது. அந்த வழக்கு மீரட் நகரில் வீட்டுக்கென்று ஒதுக்கிய மனையில் கடைகள் எழுந்ததைப் பற்றியது. முதலில் சொன்ன, கண்ணில் படாத மீறல்தான். எத்தனை வருடம் ஆனாலும், எத்தனை பணம் போட்டிருந்தாலும், அதிகாரிகள் சும்மா இருந்திருந்தாலும் மீறல் சட்டமாகாது என்றது நீதிமன்றம். குடியேற்றச் சான்று இல்லாமல் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் தரக் கூடாது, வங்கிகள் அந்தச் சான்றைப் பார்த்தே கடன் தர வேண்டும், தவறாகச் சான்று தந்த அதிகாரி மீது நடவடிக்கை வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2025இல் கர்நாடகத்தில் புதுவீடு கட்டியவர்கள் ஓ.சி. இல்லாமல் மீட்டர் கிடைக்காமல் அலைந்ததற்கு இதுதான் காரணம். நெருக்கடி முற்றியதும், பெங்களூருவில் 1,200 சதுர அடி மனை வரையிலான சிறு வீடுகளுக்கு அரசு விலக்கு அளித்தது.

பயன்பாட்டு மீறலைத் தீர்ப்பதற்கு இரண்டே வழி. பழைய பயன்பாட்டுக்குத் திரும்புவது ஒன்று. புதிய பயன்பாட்டுக்கு அனுமதி கேட்டு, அது கேட்கும் அத்தனையையும் கட்டிக் காட்டுவது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலில் திட்டக் குழுமத்தின் நிலப்பயன் வரைபடம் இடம் தர வேண்டும். தந்தால், எத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள் என்ற எண்ணிக்கையிலிருந்து கணக்கு தொடங்கும். வாசலின் அகலம், இரண்டாவது படிக்கட்டு, அறையின் கோடியிலிருந்து வெளியேறும் வழி வரை உள்ள தூரம் எல்லாம் அதிலிருந்து வரும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 இந்தக் கணக்கை ஒவ்வொரு வகைக் கட்டடத்துக்கும் தனித்தனியே தருகிறது. இரண்டாவது படிக்கட்டு இருந்தால் போதாது, திறந்தும் இருக்க வேண்டும். பெங்களூரு கார்ல்ட்டன் டவர்ஸில் 2010 பிப்ரவரி 23 அன்று ஒன்பது பேர் இறந்தபோது, கட்டடத்தில் அவசர வழி இல்லாமல் இல்லை, பூட்டிக் கிடந்தது.

சரிசெய்யச் செலவு அதிகமாகும் என்ற எண்ணம் எல்லா இடத்திலும் உண்மையல்ல. படிக்கட்டுக்கு அடியில் குவிந்த மின் மீட்டர்களையும் இரு சக்கர வண்டிகளையும் இடம் மாற்றுவது, மொட்டை மாடிக் கதவின் பூட்டை உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாளாக மாற்றுவது, கம்பி போட்டு அடைத்த ஜன்னல்களில் தளத்துக்கு ஒன்றைத் திறக்கும்படி செய்வது, உருட்டுக் கதவுக் கடையின் பின்சுவரில் ஒரு கதவு வெட்டுவது ஆகியவை சில நாள் வேலை. சுவரை வெட்டுமுன் அது தாங்கு சுவரா, வெறும் தடுப்புச் சுவரா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கிடங்காக மாறிய கடையில் சரக்கைக் குறைப்பதற்கோ காசே தேவையில்லை.

பட்டாசுக்கு மட்டும் விதிகளே ஓர் எளிய மாற்று தருகின்றன. பண்டிகைக் காலத் தற்காலிகக் கடைகள் தீப்பிடிக்காத பொருளால் ஆன கொட்டகையில், ஒன்றுக்கொன்று குறைந்தது 3 மீட்டர் இடைவெளியில், வீடுகள் போன்ற கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளி, ஒன்றையொன்று எதிர்நோக்காமல் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. திறந்த மைதானத்தில் கொட்டகை போட்டு விற்பவருக்கு, தீப்பிடித்தால் ஓட எல்லாத் திசையும் இருக்கும்.